முத்திரை பெறாத தராசு

(கமக்காரரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மென்பொருள். இதனைக் கேட்டவுடன் உங்களிற் சிலருடைய முகத்திலே ஒரு வினா எழுவதைக் காண்கின்றோம். "காணிப் பிரச்சினை தீரவில்லை; மொழிப் பிரச்சினை தீரவில்லை; நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கணினியைப் பற்றி எம்மிடம் ஏன் பேசவேண்டும்?" என்பதே அவ்வினா. அது நியாயமான வினா. அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்வோம்.

நீங்கள் நெல்லை விற்கப் போகின்றீர்கள். வியாபாரி தராசிலே நிறுக்கின்றார். அந்தத் தராசு சரியானதா என்பதை நீங்களா நிரூபிக்கின்றீர்கள்? இல்லை. தராசையும் படியையும் பரிசோதித்து முத்திரையிடுவதற்கென்றே அரசாங்கத்தில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் ஒன்று இருக்கின்றது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கின்றது. முத்திரையில்லாத தராசை வைத்திருப்பவனே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நெல்லைக் கொண்டுவந்தவன் அல்லன். இந்த ஒழுங்கு வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. கள்ளத் தராசினால் பல தலைமுறை ஏமாந்த மக்கள், கேட்டுப் பெற்ற காவல் அது.

இப்பொழுது உங்கள் நெல்லை மட்டுமன்றி உங்கள் வாழ்வையே நிறுக்கின்ற வேறொரு தராசு வந்துவிட்டது. உங்கள் வங்கிக் கணக்கை அது வைத்திருக்கின்றது. உரமானியம் உங்கள் கணக்குக்கு வந்ததா இல்லையா என்பதை அது சொல்லுகின்றது. 2023 ஆம் ஆண்டிலே தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தில், குடும்பங்களின் விபரங்கள் கணினியிலே திரட்டப்பட்டு, 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளி இடப்பட்டு, இன்னார் வறியவர், இன்னார் வறியவரல்லர் என்று வகுக்கப்பட்டனர். அவ்வகுப்பினை எதிர்த்துப் பல இலட்சம் முறையீடுகள் குவிந்தன. இந்தப் புதிய தராசின் பெயர்தான் மென்பொருள். அதாவது, கணினி செய்யவேண்டியது இன்னதென்று மனிதர் எழுதிக் கொடுக்கின்ற கட்டளைத் தொகுதி. மனிதர் எழுதுவதனால் அதிலே பிழை இருக்கும். பகைவர் புகக்கூடிய ஓட்டையும் இருக்கும். அத்தராசுக்கு முத்திரையிடுபவர் யார்? அது பிழைத்தால் பதில் சொல்லுபவர் யார்? இவ்விரண்டு வினாக்களையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நாணயமானவர்கள் கள்வராக்கப்பட்ட கதை

இங்கிலாந்திலே நடந்ததொன்றைச் சொல்லுகின்றோம். எங்களுக்குச் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் கற்றுத் தந்ததாகப் பெருமை கொள்ளும் நாடு அது.

அங்கே ஊர்தோறும் உப தபாற் கந்தோர்கள் உண்டு. அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். கடையின் ஒரு பக்கத்திலே பலசரக்கு, மறு பக்கத்திலே முத்திரையும் ஓய்வூதியமும். ஊரவருடைய நம்பிக்கையே அவர்களுடைய முதல். 1999 ஆம் ஆண்டு தொடக்கம் இக்கந்தோர்களில் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருள் பொருத்தப்பட்டது. புஜிற்சு என்னும் கொம்பனி அதனை வழங்கிப் பராமரித்தது. பொருத்திய சில காலத்திலேயே, மாலையில் கணக்கை முடிக்கும்போது பணம் குறைவதாக அந்த இயந்திரம் காட்டத் தொடங்கிற்று.

எவ்வாறு குறைந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2015 இல் ஸ்கொத்லாந்தின் டல்மெலிங்ரன் என்னும் ஊரிலே ஓர் அம்மையார் 8,000 பவுணை ஒரு கந்தோரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பதிந்தார். திரை அசையாமல் நின்றது. அவர் மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினார். ஒவ்வொரு முறை அழுத்தியபோதும் 8,000 பவுண் புதிதாக மாற்றப்பட்டதென்று இயந்திரம் பதிந்துகொண்டது. நான்கு முறை பதிந்தது. கையிலே இல்லாத 24,000 பவுணுக்கு அவர் கடனாளியாகக் காட்டப்பட்டார். ஒரு காசும் களவு போகவில்லை. களவு போனதென்று கணக்கு மட்டும் சொல்லிற்று.

குறைந்த பணத்தை உப தபாலதிபரே கட்டவேண்டும் என்பது தபால் நிறுவனத்தின் நிலைப்பாடு. பலர் சேமிப்பைக் கொடுத்தனர். வீட்டை ஈடு வைத்தனர். கட்ட முடியாதவர்கள் மீது களவென்றும் பொய்க்கணக்கென்றும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமேயாகும். பணத்தை இழந்ததாகச் சொன்னவரும் அவரே, விசாரணை செய்தவரும் அவரே, குற்றஞ்சாட்டியவரும் அவரே! சீமா மிஸ்ரா என்னும் இந்திய வம்சாவளிப் பெண், கருவுற்றிருந்த நிலையிலே 2010 இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2025 யூலையில் வெளியான சேர் வின் வில்லியம்ஸ் அவர்களின் விசாரணை அறிக்கை, இத்துயரத்தின் காரணமாகக் குறைந்தது 13 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டிருக்கலாம் என்று கூறிற்று.

இன்னொன்றையும் நாம் மறைக்காமற் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டோரிற் பலர் தெற்காசிய வம்சத்தவர். சந்தேக நபர்களை இனத்தால் வகைப்படுத்துவதற்குத் தபால் நிறுவனத்தின் புலனாய்வுப் பகுதியார் பயன்படுத்திய பத்திரமொன்று 2023 இல் வெளிவந்தது. அதிலே இழிவான இனப்பெயர்கள் இருந்தமைக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இயந்திரம் பொதுவானது, அதற்கு இனமில்லை, மொழியில்லை என்பார்கள். இயந்திரத்துக்கு இல்லாதிருக்கலாம். அதன் சொல்லை எவன் மீது முதலில் நம்புவது என்று தீர்மானிக்கும் மனிதனுக்கு உண்டு. சிறுபான்மையினராகிய நாம் இதனை மறக்கலாகாது.

அலன் பேற்ஸ் என்பவர் வேல்சின் லண்டட்னோ நகரிலே உப தபாலதிபராக இருந்தவர். கணக்கிலே பிழையிருக்கின்றதென்று கேள்வி எழுப்பியவர், 2003 இல் பதவியிழந்தார். ஆயினும் அவர் ஓயவில்லை. ஊர் ஊராகத் தேடித் தம்மைப் போன்றோரை ஒன்று சேர்த்தார். அதுவரை ஒவ்வொருவருக்கும், "உம்முடைய கந்தோரில் மட்டுந்தான் இப்படி நடக்கின்றது" என்ற எண்ணமே ஊட்டப்பட்டிருந்தது. ஒருவரையொருவர் கண்ட பின்னரே, தாம் தனியரல்லர் என்று உணர்ந்தனர். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2019 டிசம்பர் 16 ஆந் திகதி நீதியரசர் பிரேசர், அம்மென்பொருளிலே கணக்கைக் குழப்பக்கூடிய பிழைகள் இருந்தன என்றும், கந்தோர்க்காரர் அறியாமலே புஜிற்சுவின் ஊழியர் தூரத்திலிருந்து அவர்களுடைய கணக்கினுள் மாற்றஞ் செய்யக்கூடியதாக இருந்தது என்றும் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத் தீர்ப்பை நீக்கிற்று. 2024 மே மாதத்திலே பாராளுமன்றம் தனிச்சட்டமொன்றை இயற்றி எஞ்சியோரிற் பெரும்பாலோரை ஒரே நாளில் விடுவித்தது. நட்டஈடாக நூறு கோடி பவுணுக்கு மேற் கொடுத்தாயிற்று. இழந்த ஆண்டுகளை எந்தப் பாராளுமன்றம் கொடுக்கும்?

பழுது சட்டத்திலும் இருந்தது

மென்பொருளிலே பிழை இருந்ததனால் மட்டும் 900 பேர் தண்டிக்கப்படவில்லை. எந்த இயந்திரத்திலும் பிழை வரலாம். பிழையுள்ள இயந்திரத்தின் வாக்கை வேதவாக்காக்கிய பொறுப்பு சட்டத்தினுடையது.

இங்கிலாந்தில் 1984 ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றவியற் சாட்சியச் சட்டத்தில் 69 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கணினியிலிருந்து எடுத்த ஆவணத்தைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர், அக்கணினி சரியாக இயங்கிற்று என்பதைக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். இது வழக்குத் தொடுப்போருக்குத் தொல்லையாக இருக்கின்றது என்று சொல்லப்பட்டது. 1997 இல் சட்ட ஆணைக்குழு அப்பிரிவை நீக்கும்படி சிபார்சு செய்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் அது நீக்கப்பட்டு, 2000 ஏப்ரிலில் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், மாறாகக் காட்டப்பட்டாலன்றிக் கணினி சரியாகவே இயங்கிற்று என்னும் ஊகமே நின்றது. ஹொரைசன் கந்தோர்தோறும் பொருத்தப்பட்ட அதே வேளையில் இந்தக் காவலும் எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்!

மாறாகக் காட்டுவது யார்? சிறு கடைக்காரர். எதைக் கொண்டு காட்டுவது? மென்பொருளின் எழுத்து அவர் கையிலில்லை; பிழைகளின் பதிவேடும் அவர் கையிலில்லை. பூட்டிய அறையினுள்ளே இருக்கும் தராசு பிழையென்று வெளியே நிற்பவன் நிரூபிக்க வேண்டும் என்றால், அதனை நீதியென்று எவர் ஒப்புவார்? இந்த ஊகத்தை மாற்ற வேண்டுமா என்று பிரித்தானிய நீதி அமைச்சு 2025 சனவரியிலேதான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கால் நூற்றாண்டு கழிந்த பின்னர்!

இனி எம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கணினியிலிருந்து வரும் சான்றை ஏற்பதற்கு அக்கணினி முறையாக இயங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இட்டது. பின்னர் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்தது. இயற்றப்பட்டபோது அதன் 21 ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, இலத்திரனியல் ஆவணத்திலுள்ள தகவலை உண்மையென்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்றது. அச்சட்டம் பொருந்துகின்ற ஆவணங்களுக்கு 1995 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று 22 ஆம் பிரிவு கூறிற்று. வர்த்தகத்தை இலகுவாக்கும் நல்ல நோக்கத்துடனேதான் இது செய்யப்பட்டது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே 2000 இல் நடந்ததுவே இங்கே 2006 இல் நடந்தது. நிரூபிக்கும் பாரம், இயந்திரத்தை வைத்திருப்பவரின் தோளிலிருந்து இறங்கி, இயந்திரத்தால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தோளில் ஏறிற்று.

எம்மீதும் குற்றமுண்டு. ஒரு கமக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்தார். பயிர்க்கடன் தவணைகளைக் கட்டிய பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கற் பெட்டியிலே ஒழுங்காக வைத்திருந்தார். கடன் கொடுத்த நிறுவனத்தின் கணினித் தாளிலோ இரண்டு தவணைகள் குறைந்திருந்தன. அவற்றிற்குரிய சீட்டுகள் மட்டும் மழை வெள்ளத்திலே நைந்து எழுத்தழிந்திருந்தன. "தாளிலே இப்படி இருக்கின்றதே, வழக்காடினால் செலவு மிகும், இணங்கிக் கட்டிவிடுங்கள்" என்று ஆலோசனை சொன்னோம். அவரும் தலையசைத்துப் போனார். அந்தக் கணினி எவ்வாறு இயங்கிற்று, அதன் பிழைப் பதிவேடு எங்கே என்று ஒரு வினாவாவது நாம் எழுப்பவில்லை. அவர் சொன்னது உண்மையா, தாள் சொன்னது உண்மையா என்பதை இன்றும் நாம் அறியோம். அறிய முயலவில்லை என்பதே எம் குற்றம். இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணி நண்பர்களும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும்.

பிற நாடுகள் செய்தவை

மென்பொருளை நம்பத்தக்கதாக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1983 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், எந்தக் கணினியை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிக்கும் அளவுகோலை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் அது 'ஒறேஞ் புத்தகம்' என்று பெயர் பெற்றது. ஆயின் அது இராணுவ இரகசியத்தைக் காப்பதற்கு வந்தது; குடிமகனைக் காப்பதற்கன்று.

பிரித்தானியாவில் 2011 இல் அரசாங்க ஆதரவுடன் நம்பகமான மென்பொருளுக்கென ஒரு தேசிய முயற்சி தொடங்கிற்று. அதன் பயனாக 2014 இல் பிரித்தானிய நியமங்கள் நிறுவனம் 'பாஸ் 754' என்னும் விதிமுறையை வெளியிட்டது. 2018 இல் அது முழு நியமமாக உயர்த்தப்பட்டது. நம்பகம் என்பதற்கு அது ஐந்து இலக்கணம் வகுத்தது. ஆபத்து விளைவியாமை, பிழையின்றி இயங்கல், வேண்டும் வேளையில் கிடைத்தல், அடிபட்டாலும் மீண்டெழல், பகைவர் புகாதிருத்தல் என்பன அவை. மிக நல்ல இலக்கணம். பகைவரைத் தடுத்துவிட்டாற் போதும் என்று நினைப்போர்க்கு இது பாடம். 2024 யூலை 19 ஆந் திகதி கிறவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்புக் கொம்பனியே அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. அங்கே பகைவனே இல்லை. காவற்காரனே கதவை உடைத்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்கின்றோம். 'பாஸ் 754' வெளியான 2014 இல், அதே நாட்டிலே, அரசாங்கத்துக்குச் சொந்தமான தபால் நிறுவனத்தின் மென்பொருளால் தண்டிக்கப்பட்டோருள் ஒருவருடைய தீர்ப்பாவது நீக்கப்பட்டிருந்ததா? இல்லை. முதன்முதல் நீக்கப்பட்டது 2020 டிசம்பரில். நியமம் ஒரு மேசையிலே இருந்தது. அநியாயம் அடுத்த மேசையிலே நடந்தது. காரணம் யாது? நியமம் விரும்பினோர் கைக்கொள்வதற்காக எழுதப்பட்டது, கைக்கொள்ளாதவனைக் கேட்பாரில்லை. 2025 மே மாதத்திலே அந்நாடு மென்பொருட் பாதுகாப்புக்கென வெளியிட்ட 14 கோட்பாடுகள் கொண்ட நடத்தைக் கோவையும் விருப்பின்பாற்பட்டதே.

அமெரிக்காவின் அனுபவம் வேறொரு பாடம். 2020 டிசம்பரில், சோலர்விண்ட்ஸ் என்னும் கொம்பனி தன் வாடிக்கையாளருக்கு அனுப்பிய திருத்தத்தினுள்ளே பகைவர் தம் கட்டளைகளை ஒளித்து வைத்திருந்தமை வெளிப்பட்டது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் அதனைப் பெற்றிருந்தனர். அரசாங்கத் திணைக்களங்களும் அவற்றுள் அடங்கும். 2021 மே 12 ஆந் திகதி ஜனாதிபதி பைடன் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசாங்கத்துக்கு மென்பொருள் விற்போர் அதனுள் அடங்கிய உறுப்புகளின் பட்டியலைத் தரும் ஏற்பாட்டுக்கு அது வழி செய்தது.

கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். சான்றளிக்கப்பட்ட விதைநெல் மூட்டையிலே இன்ன இனம், இன்ன பருவத்தது என்று சீட்டுக் கட்டியிருக்கும். சீட்டில்லாத மூட்டையை வாங்கி விதைத்துவிட்டு, கதிர் வந்த பின்னர் கலப்பைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வதிற் பயனென்ன? மென்பொருளும் பலர் எழுதிய உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டையே. 2021 டிசம்பரில் 'லொக் 4 ஜே' என்னும் சிறு உறுப்பிலே பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அது தம் கணினிகளில் எங்கெங்கே இருக்கின்றதென்று அறியாமல் உலகின் பெருநிறுவனங்களே திகைத்தன. சீட்டிருந்தால் தேடுவது எளிதாயிருக்கும்.

ஆனால் ஓர் ஆட்சியாளரின் ஆணையை இன்னொரு ஆட்சியாளர் மாற்றலாம். அவ்வழியிலே 2025 சனவரியில் பைடன் சேர்த்த நிபந்தனைகள் சிலவற்றை, அடுத்து வந்த ஜனாதிபதியின் ஆணை அவ்வாண்டு யூனிலேயே நீக்கிற்று. ஆணை நிழல், சட்டமே கூரை.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தையே இயற்றியது. 2024 டிசம்பர் 10 ஆந் திகதி அமுலுக்கு வந்த அச்சட்டத்தின் முழுக் கடப்பாடுகளும் 2027 டிசம்பர் 11 ஆந் திகதி தொடக்கம் பொருந்தும் என்று நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. பாதுகாப்பைக் கருதிக் கட்டப்படாத மென்பொருளையும் கணினிப் பண்டங்களையும் அதன்பின் ஐரோப்பியச் சந்தையிலே விற்க முடியாது. விற்றவர் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டுக் காலம் ஓட்டைகளை அடைத்துக் கொடுக்க வேண்டும். பகைவர் பயன்படுத்துகின்ற ஓட்டையொன்றை அறிந்தால் 24 மணித்தியாலத்துள் அறிவிக்க வேண்டும். மீறினால் ஒன்றரைக் கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய விற்பனையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் வரை, எது பெரிதோ அது தண்டம். செய்தவனே பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. தராசின் முத்திரை மென்பொருளுக்கும் வருகின்றது!

எம் நாட்டின் நிலை

இந்நாட்டிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2007 இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2019 இல் ஐந்தாண்டுக்கான தேசியத் தந்திரோபாயம் வகுக்கப்பட்டது. 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் 2023 இல் அரசாங்கத்தின் மின்னஞ்சற் களஞ்சியத்திலே பகைவர் புகுந்து பூட்டிட்டபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமற் போயின. பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படாதிருந்தது; அக்காலத்துக்குரிய காப்புப் பிரதியும் இல்லாதிருந்தது. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. தன் கடிதங்களையே காக்க முடியாத அரசாங்கம், எம் காணிப் பதிவுகளையும் கைரேகைகளையும் காக்கும் என்று எதைக் கொண்டு நம்புவது?

அதே வேளை, 2024 இன் தொடக்கத்திலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எத்துணை விரைவாக நிறைவேற்றப்பட்டது என்பதை நீங்கள் கண்டீர்கள். மக்களின் நாவை அடக்குவதற்குக் காட்டிய அவசரம், மக்களின் கணக்கைக் காப்பதற்குக் காட்டப்படவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லை ஆட்சியாளர் உச்சரிக்கும்போது, யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்கும் பழக்கம் தமிழ் மக்களுக்கு உண்டு. அப்பழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

இந்திய அரசின் உதவியோடு அமையவிருக்கும் தேசிய டிஜிட்டல் அடையாளத் திட்டம் பற்றி 2022 இலேயே உடன்படிக்கை செய்யப்பட்டது. முன்னேற்றத்துக்கு நாம் எதிரிகளல்லர். கச்சேரி வாசலிலே நாள் முழுதும் காத்துக் கிடப்பதில் எமக்கொரு மோகமுமில்லை. ஆனால் தராசு வரும்போதே முத்திரையும் வர வேண்டும்.

நாம் கேட்பவை

ஆகவே நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது: குடிமகனின் உரிமையையோ உடைமையையோ தீர்மானிக்கின்ற எந்த மென்பொருளையும், சார்பற்றவர்கள் பரிசோதித்துச் சான்று தந்த பின்னரே அரசாங்கம் வாங்கவேண்டும். உள்ளுறுப்புகளின் பட்டியலும், எத்தனை ஆண்டு திருத்தித் தரப்படும் என்ற உறுதியும் ஒப்பந்தத்திலே இருக்க வேண்டும். விருப்பமானால் என்பதன்று, சட்டத்தின்படி.

இரண்டாவது: அறியப்பட்ட பிழைகள் யாவற்றுக்கும் பதிவேடு வைக்கப்பட வேண்டும். அம்மென்பொருளின் சொல்லைக் கொண்டு ஒருவர் மீது வழக்கு வந்தால், அப்பதிவேடு கேளாமலே அவர் கையிற் கொடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது: கணினிச் சான்று நியாயமான காரணத்தோடு மறுக்கப்படுமிடத்து, அது சரியாக இயங்கிற்று என்று காட்டும் பாரம் அதனை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீதே விழ வேண்டும். வியாபாரக் கொடுக்கல் வாங்கலுக்கு ஊகம் நிற்கட்டும். குற்ற வழக்கிலும், வறியவனின் உதவியை வெட்டும் வழக்கிலும் அது நிற்கலாகாது.

நான்காவது: மானியமோ உதவியோ ஓய்வூதியமோ மறுக்கப்பட்டால், காரணம் தமிழிலே எழுத்தில் தரப்பட வேண்டும். அதனைத் திருத்தும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் பிரதேச செயலகத்திலே இருக்க வேண்டும். "கணினி அப்படித்தான் காட்டுகின்றது" என்பது விடையன்று. தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பிலே எழுதிவிட்டு, தமிழ்ப் பெயரைச் சிதைத்துப் பதியும் மென்பொருளை வைத்திருப்பதும் நம்பகக் கேடேயாகும்.

சிலர் சொல்லுவர்: "இது சிறிய நாடு, இத்தகைய பரிசோதனைக்குப் பணமேது? உள்ளூர் இளைஞர் தொடங்கும் சிறு கொம்பனிகள் நசிந்துவிடுமே!" இக்கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. எமது பிள்ளைகளே இன்று யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இத்தொழிலைப் பயில்கின்றனர். ஆகையாற்றான் எல்லா மென்பொருளுக்கும் ஒரே பாரத்தை நாம் கேட்கவில்லை. உரிமையைத் தீர்மானிப்பவற்றுக்கே கேட்கின்றோம். ஐரோப்பியச் சட்டமும் இலாபங் கருதாது பொதுவிலே எழுதித் தருவோரைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கின்றது. செலவைப் பொறுத்தவரை, முத்திரையிடும் செலவையும், பிரித்தானியா கொடுத்த நூறு கோடி பவுணையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இறுதியாக, சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. கமக்காரப் பெருமக்களே! பற்றுச்சீட்டை வீசாதீர்கள். கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் பதிவித்துக்கொள்ளுங்கள். சீட்டை நனையாத இடத்தில் வையுங்கள். கணக்குப் பிழைத்தால் தனியே வெட்கப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். கமக்காரர் சங்கத்திலே வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாருக்கும் அதுவே நடந்திருக்கலாம். சட்டத்தரணி நண்பர்களே! கணினித் தாளைக் கண்டவுடன் கைகட்டி நில்லாதீர்கள். அதனையும் ஒரு சாட்சியாகக் கொண்டு குறுக்கு விசாரணை செய்யுங்கள். பொறியியல் கற்ற இளைஞர்களே! மாதத்தில் ஒரு நாளை ஊராருக்குக் கொடுங்கள். அத்தாளை வாசித்து விளக்க உங்களையன்றி எமக்கு யாருமில்லை.

உப தபாலதிபர்கள் 555 பேரும் படை கொண்டு வெல்லவில்லை. தனித்தனியே குற்றவாளிகளாக நின்றவர்கள், ஒன்றாகச் சேர்ந்து வழக்காளிகளாக நின்றார்கள். அவ்வளவே. நாமும் அவ்வாறு நிற்க, ஊருக்குத் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பிஸ்கற் பெட்டிக் கமக்காரர் போன்ற இன்னொருவர் எம் வாசலுக்கு வரும்போது, இணங்கிக் கட்டிவிடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். இதனை இச்சபை முன்னிலையில் உறுதி கூறி, எமது உரையை நிறைவு செய்கின்றோம்.